குறைமாதக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ள: பிடிக்கும் முறையும் படுக்க வைக்கும் முறையும்

37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தையின் பெற்றோர், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவரைக் கண்டதும் முதலில் கேட்பது எடையைப் பற்றி. அடுத்துக் கேட்பது, இன்று எத்தனை மி.லி. பால் கொடுத்தீர்கள் என்று. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. அவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்டுப் பழகுங்கள்: பால் கொடுக்கும்போதும் கொடுத்த பிறகும் குழந்தையை எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள்? கொடுத்த பால் வயிற்றில் தங்கி, குடலுக்குள் இறங்கி, உடலில் சேர்வதற்கு அளவு மட்டும் போதாது. குழந்தை படுத்திருக்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. இந்தப் பங்கைப் பெற்றோரின் கைகளால் செய்ய முடியும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இதயத்துடிப்பையும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனையும் இடைவிடாமல் காட்டும் மானிட்டரோடு இணைக்கப்பட்ட குழந்தைக்குப் பொருந்தும் நிலைகள் வேறு. அதே குழந்தை வீட்டில் தூங்கும்போது பொருந்தும் நிலை வேறு. மருத்துவமனையில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அப்படியே செய்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இரைப்பைக்குள் நடப்பது

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் ஒரே தாளத்தில் இணைக்கும் திறன் பெரும்பாலான குழந்தைகளுக்கு 32 முதல் 34 வாரங்களில்தான் கைகூடத் தொடங்குகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்குள் செலுத்தப்பட்ட மெல்லிய டியூபில் பால் போகிறது. அவர்களுடைய இரைப்பை மிகச் சிறியது, காலியாக நேரம் எடுப்பது. குடலின் அசைவு இன்னும் ஒழுங்குபடாதது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் கதவுபோல் இருக்க வேண்டிய தசைவளையமோ அடிக்கடி தளர்ந்து திறந்துகொள்கிறது. ஆகவே குறைமாதக் குழந்தை ஓரளவு எதுக்களிப்பது நோயல்ல, வயதுக்குரிய இயல்புதான்.

உணவுக்குழாய் இரைப்பையின் மேற்பகுதியில் சற்றுப் பின்புறமாக வந்து சேர்கிறது. குடலுக்குள் திறக்கும் கீழ்வாய் குழந்தையின் வலப்பக்கம் இருக்கிறது. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். மல்லாக்கப் படுத்திருக்கும்போது பால் பின்புறமாகத் தேங்குவதால், உணவுக்குழாய் சேரும் இடம் பாலுக்குள் மூழ்கிவிடுகிறது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கும்போது அந்த இடம் பால் மட்டத்துக்கு மேலே வந்துவிடுவதால் எதுக்களிப்பு குறைகிறது. வலப்பக்கமாக ஒருக்களித்தால் பால் கீழ்வாயை நோக்கிச் சரிந்து இரைப்பை விரைவாகக் காலியாகிறது. ஆனால் அந்த நிலையில் எதுக்களிப்பு கூடும். குப்புறப் படுக்கும்போது இரைப்பையும் நன்றாகக் காலியாகிறது, எதுக்களிப்பும் குறைகிறது, மென்மையான மார்புக்கூடு படுக்கையில் அழுந்தி நிலைபெறுவதால் மூச்சும் சீராகிறது.

இரைப்பை விரைவாகக் காலியாவதும் எதுக்களிப்பு குறைவதும் ஒருக்களித்த ஒரே பக்கத்தில் கிடைக்காததால், 2007இல் வெளியான ஓர் ஆய்வு நடுவழி ஒன்றைக் காட்டியது: பால் கொடுத்த முதல் ஒரு மணி நேரம் வலப்பக்கம், அதன் பிறகு இடப்பக்கம். பல சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர்கள் குழந்தையைத் திருப்பிப் போடுவதற்குப் பின்னால் இத்தகைய கணக்கு உண்டு. அதே சமயம், இந்த நிலைமாற்றங்களால் குழந்தையின் சிணுங்கல், நெளிதல், மூச்சு நிற்றல் போன்ற வெளித்தெரியும் தொல்லைகள் குறைவதாக நிறுவப்படவில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2018இல் தெளிவாக எழுதியது. எனவே படுக்க வைக்கும் முறையை ஓர் உதவியாக மட்டுமே கருத வேண்டும். அதை மருந்தாக நம்பிக் காத்திருக்கக் கூடாது.

டியூப் வழியாகப் பால் போகும் நாட்களில்

டயபர் மாற்றுவது, உடல் துடைப்பது, சளி உறிஞ்சுவது, எடை பார்ப்பது ஆகிய எல்லாவற்றையும் பால் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பால் உள்ளே போன பிறகு டயபருக்காகக் கால்களைத் தூக்கினால் வயிற்றின் மீது அழுத்தம் கூடி, பால் மேலே ஏறும். தவிர்க்க முடியாமல் மாற்ற வேண்டியிருந்தால், கால்களைத் தூக்காமல் குழந்தையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து மாற்றுங்கள். டயபரின் பட்டை தொப்புளுக்குக் கீழே, விரல் நுழையும் தளர்வோடு இருக்கட்டும்.

பிறகு குழந்தையைக் கூடு போன்ற அமைப்புக்குள் வையுங்கள். மென்மையான பருத்தித் துணியைச் சுருட்டிக் குழந்தையைச் சுற்றி வளைத்து வைத்தால் அந்தக் கூடு கிடைக்கும். கருப்பையில் சுருண்டு கிடந்த குழந்தைக்குக் கைகால்களைப் பரப்பிக்கொண்டு கிடப்பது அமைதி தராது. அது ஓயாமல் உதைத்துச் சக்தியை வீணாக்கும். தோள்கள் சற்று முன்னோக்கியும், இடுப்பும் முழங்கால்களும் மடங்கியும், கைகள் வாய்க்கு அருகிலும், பாதங்கள் துணிச்சுருளின் விளிம்பைத் தொட்டும் இருக்க வேண்டும். முழங்கால்கள் வயிற்றை அழுத்தும் அளவுக்கு மடக்கிவிடக் கூடாது. கழுத்து முன்னால் குனிந்தும் இருக்கக் கூடாது, பின்னால் வளைந்தும் இருக்கக் கூடாது. தாடைக்கும் மார்புக்கும் இடையே இடைவெளி தெரிய வேண்டும்.

பாலை சிரிஞ்சின் தண்டால் அழுத்திச் செலுத்தாமல், தண்டை எடுத்துவிட்டு, சிரிஞ்சைக் குழந்தையைவிடச் சற்று உயரத்தில் பிடித்துத் தானாக இறங்க விடுவதே முறை. 10 முதல் 20 நிமிடங்கள் ஆகலாம். சிரிஞ்சைப் பிடிக்கும் வேலையைப் பல பிரிவுகளில் தாய்க்கோ தந்தைக்கோ கற்றுத் தருகிறார்கள். கற்றுத் தரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். டியூபின் முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதிசெய்வது மட்டும் செவிலியரின் பொறுப்பு. பால் இறங்காமல் நின்றுவிட்டால் தள்ளாதீர்கள், கூப்பிடுங்கள். குழந்தை குமட்டினாலோ, நிறம் மாறினாலோ, மானிட்டர் ஒலித்தாலோ சிரிஞ்சைக் கீழே தாழ்த்தினால் பால் போவது நின்றுவிடும். உடனே செவிலியரை அழைக்க வேண்டும்.

பால் முடிந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் வலப்பக்கமோ குப்புறமோ, அதன் பின் இடப்பக்கம் என்பது பொதுவான வழி. ஆனால் இதைக் குழந்தையின் நிலைமை மாற்றும். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் முதல் சில நாட்களில் அதிகம் என்பதால், முதல் 72 மணி நேரம் தலையை நடுவிலேயே நேராக வைத்திருக்கும் வழக்கம் பல பிரிவுகளில் இருக்கிறது. அப்போது பால் செரிப்பதைவிடத் தலையின் நிலைதான் முக்கியம். மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கப்படும் குழந்தைக்கு வயிற்றிலும் காற்று நிரம்பிப் பொருமும். அந்தக் காற்று வெளியேற, பால் கொடுக்காத நேரத்தில் டியூபைத் திறந்து வைப்பார்கள். அதைப் பார்த்து யாரோ மூட மறந்துவிட்டார்கள் என்று நீங்களாக மூடிவிடாதீர்கள்.

பாலின் அளவைப் பற்றியும் கொஞ்சம். தொடக்கத்தில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மி.லி. வரைதான் கொடுப்பார்கள். 1,200 கிராம் எடையுள்ள குழந்தைக்கு அதிகபட்சமாக 24 மி.லி.; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு வேளைக்கு வெறும் 2 மி.லி. இது பசியைத் தீர்ப்பதற்கல்ல, குடலை விழிக்கச் செய்வதற்கு. குழந்தை தாங்கத் தாங்க, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மி.லி. வரை கூட்டிக்கொண்டே போய், 150 முதல் 180 மி.லி. வரை எட்டும்போது அதை முழு அளவு என்கிறார்கள். இந்தப் பயணத்தில் தாயின் சொந்தப் பாலுக்கு ஈடு இல்லை. குடல் அழற்சி என்னும் கொடிய சிக்கலைக் குறைப்பதில் அதன் பங்கு பெரியது. தாய்க்குப் பால் போதவில்லையென்றால், தாய்ப்பால் வங்கியிலிருந்து கிடைக்குமா என்று கேளுங்கள்.

தாயின் நெஞ்சு

எல்லா நிலைகளிலும் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலத்தில், 1978இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய, குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலோடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. புதுதில்லியில் ஒன்று உட்பட, ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சோடு வைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளிடம் இறப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், கூடிய விரைவில் தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யுமாறு பரிந்துரைத்தது.

பால் ஒத்துக்கொள்வதைப் பொறுத்தவரை இந்த நிலைக்குள் எல்லா நன்மைகளும் ஒருங்கே அமைகின்றன. குழந்தை நிமிர்ந்திருக்கிறது, வயிறு தாயின் உடல்மீது மெல்லப் பதிந்திருக்கிறது, உடல் சூடு குறையாததால் சக்தி வீணாவதில்லை, அழுகையும் குறைகிறது. முன்புறம் திறக்கும் சட்டையோ நைட்டியோ அணிந்து, 15 முதல் 30 டிகிரி வரை சாய்ந்த நாற்காலியில் தாய் உட்கார வேண்டும். டயபரும் தொப்பியும் காலுறையும் மட்டும் அணிந்த குழந்தையை இரு மார்பகங்களுக்கு நடுவே நிமிர்த்தி, மார்போடு மார்பு படும்படி வைக்க வேண்டும். கால்கள் தவளையைப் போல விரிந்து மடங்கியிருக்க, கைகளும் மடங்கியிருக்க, தலை ஒரு பக்கமாகத் திரும்பிச் சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். கட்டும் துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழ் வரை வரட்டும். வயிற்றுப் பகுதியில் இறுக்கம் வேண்டாம், ஏனென்றால் குழந்தை வயிற்றால்தான் மூச்சுவிடுகிறது. மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

இந்த நிலையிலேயே டியூபில் பால் கொடுக்கலாம். அந்த நேரத்தில், பால் பீய்ச்சி எடுத்துவிட்ட மார்பைக் குழந்தை சப்பினால், சப்பும் பழக்கமும் வளரும், வயிற்றுக்குள் வரும் பாலுக்கும் வாய்க்கும் உள்ள தொடர்பும் பழகும். பால் முடிந்ததும் அவசரப்பட்டு எடுக்காமல், ஒரு மணி நேரமாவது அங்கேயே இருக்க விடுங்கள். தாய் உடல் தேறும்வரையிலும் அதன் பிறகும் தந்தையும் பாட்டியும் இதைச் செய்யலாம். தந்தையர் கூச்சப்படத் தேவையே இல்லை.

பாலாடையும் மார்பும்

குழந்தை வாயால் குடிக்கத் தொடங்கும்போது, மூக்கு வைத்த சிறு கிண்ணமான நம் ஊர்ப் பாலாடை இன்றைக்கும் மருத்துவமனைகளில் பாட்டிலைவிட விரும்பப்படும் கருவியாக இருக்கிறது. கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. ஆனால் பாலாடையாலும் சங்காலும் வீட்டில் பாலூட்டி வந்த பழைய முறை குறைமாதக் குழந்தைக்குக் கூடவே கூடாது. நீட்டிய கால்கள்மீது குழந்தையை மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து, பாலைத் தொண்டைக்குள் ஊற்றுவதில், விழுங்குவதா மூச்சுவிடுவதா என்று முடிவெடுக்கக் குழந்தைக்கு இடமே கிடைப்பதில்லை.

சரியான முறை இது. குழந்தை விழித்திருக்க வேண்டும். கைகள் மார்புக்கு முன்னால் வரும்படி துணியில் சுற்றி, உங்கள் மடியில் பாதி நிமிர்ந்த நிலையில் உட்கார வைத்து, பிடரியையும் தோள்களையும் ஒரு கையால் தாங்குங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின்மீது, வாயின் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து நிறுத்துங்கள். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சட்டும். விழுங்கியதை உறுதிசெய்த பின்பே அடுத்த வாய். விரல்களை விரிப்பது, புருவத்தைச் சுருக்குவது, முகத்தைத் திருப்புவது, வாயோரம் பால் வழிய விடுவது ஆகியவை “போதும், கொஞ்சம் பொறு” என்று குழந்தை சொல்லும் மொழி. அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்க வேண்டாம். மீதியை டியூபில் கொடுத்துவிடலாம். மீதம் வைத்தால் தோல்வி என்று எண்ணும் தாய்மார்கள் பலர். அப்படி எண்ண ஒரு காரணமும் இல்லை.

மார்பில் குடிக்க வைக்கும்போது, குறைமாதக் குழந்தைக்குத் தலை கனமாகவும் கழுத்து வலுவின்றியும் இருப்பதை நினைவில் வையுங்கள். வழக்கமாக முழங்கை மடிப்பில் தலையைச் சாய்த்துக்கொள்ளும் பிடியில் தலை உருண்டு தாடை மார்பில் படிந்துவிடும். அதற்குப் பதிலாக, குழந்தையை உங்கள் அக்குளுக்குக் கீழே, கால்கள் உங்கள் முதுகுப்புறம் நோக்கியிருக்குமாறு தலையணைமீது வைத்து, பிடரியை உள்ளங்கையில் தாங்கலாம். அல்லது, எந்த மார்பில் கொடுக்கிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கக் கையால் தாங்கலாம். எப்படிப் பிடித்தாலும் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். பின்மண்டையைப் பிடித்து மார்பை நோக்கி அழுத்தினால் குழந்தை தலையைப் பின்னுக்கு வளைத்து எதிர்க்கும். பால் வேகமாகச் சுரந்து குழந்தை திணறினால், முதலில் சிறிது பீய்ச்சி எடுத்துவிடுங்கள், அல்லது நீங்கள் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பால் குடித்ததும் 15 முதல் 20 நிமிடங்கள் தோளிலோ நெஞ்சிலோ நிமிர்த்தி வைத்து, முதுகை மெதுவாகத் தடவி ஏப்பம் விடச் செய்யுங்கள். அதன் பின் தூங்க வைக்கும்போது, பகலோ இரவோ, மல்லாக்க மட்டுமே. ஒருக்களித்து வைத்த குழந்தை எளிதாகக் குப்புறப் புரண்டுவிடும் என்பதால், வீட்டில் அதுவும் வேண்டாம். தூக்கத்தில் காரணம் தெரியாமல் ஏற்படும் திடீர் மரணம் குறைமாதக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம். குப்புறப் படுப்பது அந்த அபாயத்தைக் கூட்டுகிறது. இதனால்தான், நிலைமை சீரான குழந்தைகளை, கருவுற்ற காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 32 வாரம் ஆகும்போதே மல்லாக்கத் தூங்கப் பழக்க வேண்டும் என்கிறார்கள்.

மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா என்ற அச்சம் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் நுழைய மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுக்கும்போது இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது. இதைப் பாட்டிமார்களுக்குப் பொறுமையாக விளக்கினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தூளி அழகான வழக்கம்தான். ஆனால் அதில் முதுகு வளைந்து, தாடை மார்பில் முட்டி, மூச்சுப்பாதை மடங்குகிறது, வயிறும் அழுந்துகிறது. கழுத்து உறுதிப்படாத குறைமாதக் குழந்தைக்குத் தூளி வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் தூங்கும்போது வேண்டாம். எதுக்களிப்பைக் குறைக்கவென்று மெத்தையின் ஒரு முனையை உயர்த்தினால் குழந்தை கீழே சரிந்து சுருண்டுவிடும். சமதளமான, உறுதியான படுக்கை போதும். குப்புற இருப்பதன் பயனைப் பெற, விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சின்மீது கிடத்திக்கொள்ளுங்கள்.

பால் சேரவில்லை என்று கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதையும் கொடுக்காதீர்கள். “உரம் விழுந்துவிட்டது” என்று சேலையில் போட்டு உருட்டவும், தலைகீழாகப் பிடித்துத் தட்டவும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

நிலையை மாற்றிப் பார்க்கக் கூடாத நேரங்கள்

குடித்த பிறகு வாயோரம் சிறிது தயிர்போல வழிவதும், குழந்தை அமைதியாக இருந்து எடையும் கூடிக்கொண்டிருப்பதும் கவலைக்குரியவை அல்ல. ஆனால் வாந்தி பச்சையாக இருந்தாலோ, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ, வயிறு உப்பி இறுகித் தோல் பளபளத்தாலோ, நேற்று வரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று துவண்டு பாலை மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ, வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடிக்கும்போது புரையேறித் திணறினால், உடனே நிறுத்தி, குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயிலுள்ள பாலைத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிடுங்கள். அதற்கும் மூச்சு திரும்பாவிட்டால் செய்ய வேண்டிய முதலுதவியை, வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே செவிலியரிடம் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்திலும் வழியிலும், குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் கிடத்துவதைவிட, நெஞ்சோடு நெஞ்சாகக் கங்காரு நிலையில் வைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டே செல்வது நல்லது. கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு பால் கொடுத்தீர்கள் என்று எழுதி வைத்த தாளையும், வாந்தி பட்ட துணியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாந்தியின் நிறத்தை மருத்துவர் நேரில் பார்ப்பது, நீங்கள் வாயால் விவரிப்பதைவிட விரைவாக முடிவெடுக்க உதவும்.